போலிக் கசிவு: வெற்றிடம் செய்பவனின் குறிப்புகள்

1

ஆனி பிறந்துவிட்டால் சுரண்டையில் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேச வேண்டும். செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்குகிற மேல்காற்று, தென்காசி தாண்டி எங்கள் ஊர் வயல்வெளிக்கு வரும்போது ஒரு ஊளையோடு வரும். இப்போது அதை நம்பி ஊரைச் சுற்றிக் காற்றாலைகள் நிற்கின்றன. முன்பு கூரையும் புழுதியும்தான் பறக்கும். அப்படி ஒரு நாளில், லீவில் வந்திருந்த என்னிடம், பீடி சுற்றிக்கொண்டிருந்த அம்மா சொளகை மடியிலிருந்து இறக்காமலே கேட்டாள்.

"ஏல, அங்க போயி என்னதாம்ல வேல பாக்க?"

"ஒரு குழாய்க்குள்ள இருக்க காத்த வெளிய எடுக்கோம்மா."

"எடுத்துட்டு உள்ள என்னத்த வைப்பிய?"

"ஒண்ணும் வைக்க மாட்டோம்."

"ஒண்ணுமில்லாததுக்கா சம்பளம் தாராவ?"

மதினி சிரித்தாள், நானும் சிரித்தேன். ஆனால் அது சிரித்துக் கடந்துவிடக்கூடிய கேள்வி இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. ஒன்றுமில்லாததைச் செய்வது என்றால் என்ன? அதைச் செய்வது யார்? சரியாக அமையாதபோது யார் மேல் பழி விழுகிறது? வடக்கே ஒரு ஆய்வுக்கூடத்தில் துகள் முடுக்கிகளுக்கான எலெக்ட்ரான் துப்பாக்கிகளைப் பூட்டி, அவற்றின் வெற்றிட அமைப்பைத் தயார்செய்கிற டெக்னீஷியனாகப் பல வருஷம் இருந்தவன் நான். விஞ்ஞானி இல்லை. ஐ.டி.ஐ. பிட்டர். ஆகவே இது பிட்டர் ஒருவனின் வெற்றிடம் பற்றிய கட்டுரை.

2

எலெக்ட்ரான் துப்பாக்கி என்ற பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பழைய டி.வி. பெட்டியின் படக்குழாய்க் கழுத்தில் இருந்ததும் அதுதான். ஒரு பக்கம் சூடாக்கப்பட்ட உலோகத் துண்டு, கேதோடு. எதிரே நடுவில் ஓட்டை போட்ட தகடு, ஆனோடு. கேதோடு சூடேறும்போது அதன் பரப்பிலிருந்து எலெக்ட்ரான்கள் ஆவிபோலக் கிளம்பும். இரண்டுக்கும் இடையே, வைத்துக்கொள்வோம், 50 ஆயிரம் வோல்ட் கொடுத்தால் அவை ஆனோடை நோக்கிப் பாய்ந்து ஓட்டை வழியாக அந்தப் பக்கம் போய்விடும். அதற்குள் அவற்றின் வேகம் ஒளிவேகத்தில் ஐந்தில் இரண்டு பங்கு ஆகியிருக்கும். அதன் பிறகுதான் முடுக்கி அதை ஏற்றுக்கொள்கிறது. புற்றுநோய் மருத்துவமனைகளில் கதிர்வீச்சு கொடுக்கும் லீனாக் இயந்திரத்தின் ஒரு முனையில் இது உண்டு. நவி மும்பை கார்கரில் உள்ள 10 மெகா எலெக்ட்ரான் வோல்ட் முடுக்கியிலும் உண்டு. இந்தூரில் 1984இல் தொடங்கிய ஆய்வு மையத்தில் (இப்போது ராஜா ராமண்ணா பெயரில் இருப்பது) இந்துஸ்-1, இந்துஸ்-2 என்று இரண்டு எலெக்ட்ரான் வளையங்கள். முதலாவது 1999இல் இயங்கத் தொடங்கியது. இரண்டாவதன் சுற்றளவு 172 மீட்டர். அந்த வளையங்களில் சுற்றுகிற எலெக்ட்ரான்கள் எல்லாம் மைக்ரோட்ரான் என்கிற சிறிய முடுக்கிக்குள் இருக்கும் லாந்தனம் ஹெக்ஸாபோரைடு துண்டிலிருந்து கிளம்பியவை. சில மில்லிமீட்டர் தடிமன்தான். கட்டடம் எவ்வளவு பெரிதானாலும் தொடக்கம் இவ்வளவுதான்.

சூடான பொருள் எலெக்ட்ரானை வெளியிடும் கணக்கை ஓவன் ரிச்சர்ட்சன் 1901இல் எழுதினார். இந்தக் கணக்கோடு நம் பக்கத்து ஆள் ஒருவருக்கும் சம்பந்தம் உண்டு. வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். ராமனோடு சேர்ந்து 1928இல் செய்த வேலைக்காக அவரை நாம் நினைக்கிறோம். ஆனால் பிற்காலத்தில் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்தபோது, இந்த வெப்ப எலெக்ட்ரான் உமிழ்வுதான் அவர் ஆராய்ந்த முக்கியமான விஷயங்களில் ஒன்று. வத்திராயிருப்பு எங்கள் ஊருக்கு வடக்கே, இதே மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது. கேதோடைக் கையிலெடுக்கும்போதெல்லாம் (கையில் என்பது தவறு, இடுக்கியில்) எனக்கு அது நினைவுக்கு வரும்.

இதற்கு வெற்றிடம் எதற்கு? காற்று இருந்தால் மூன்று விஷயம் கெடும். எலெக்ட்ரான் வழியில் காற்று மூலக்கூறுகளில் மோதிச் சிதறும். மோதலில் அயனியாகிவிட்ட மூலக்கூறு நேர்மின்சுமையோடு திரும்பி வந்து கேதோடையே சம்மட்டி அடிக்கும். ஆயிரம் டிகிரிக்கு மேல் இருக்கிற கேதோடு ஆக்சிஜனாலும் நீராவியாலும் கெட்டு, உமிழும் தன்மையை இழக்கும். இதை எங்கள் தொழிலில் 'விஷம் ஏறிடுச்சு' என்போம்.

எலெக்ட்ரானின் கண்டுபிடிப்பே ஒரு வெற்றிடப் பிரச்சினைதான். 1883இல் ஹெர்ட்ஸ் கேதோடுக் கதிரை மின்புலத்தால் வளைக்கப் பார்த்தார், வளையவில்லை. ஆகவே அது மின்சுமையுள்ள துகளாக இருக்க முடியாது என்று நினைத்தார். 1897இல் ஜே.ஜே. தாம்சன் இன்னும் நல்ல வெற்றிடத்தில் அதையே செய்தார், வளைந்தது. ஹெர்ட்ஸின் குழாயில் மிஞ்சியிருந்த வாயு மின்சாரத்தைக் கடத்தி மின்புலத்தை மறைத்துவிட்டது. கோட்பாட்டுச் சண்டைபோலத் தோன்றியதை ஓரளவுக்குத் தீர்த்துவைத்தது பம்பு.

3

வெற்றிடம் உண்டா இல்லையா என்பது ஐரோப்பாவில் அரசியல் கேள்வியாக இருந்த காலம் உண்டு. இயற்கை வெறுமையை ஒப்பாது என்பது அரிஸ்டாட்டில் வழிவந்த நம்பிக்கை. 1640களில் டாரிசெல்லி பாதரசக் குழாயைத் தலைகீழாக நிறுத்தி மேலே ஒரு வெறும் இடத்தைக் காட்டினார். 1650களின் இறுதியில் ஆக்ஸ்ஃபோர்டில் ராபர்ட் பாயில் காற்றுப் பம்பு ஒன்றை வைத்துக்கொண்டு பரிசோதனைகள் செய்து, 1660இல் புத்தகமாக வெளியிட்டார். அடுத்த வருஷமே தாமஸ் ஹாப்ஸ் மறுத்து எழுதினார். உன் பம்பு ஒழுகுகிறது, உள்ளே காற்று புகுந்துகொண்டேதான் இருக்கிறது, அதை வைத்து எந்த உண்மையை நிறுவுவாய் என்பது ஹாப்ஸின் வாதத்தில் ஒரு பகுதி. ஸ்டீவன் ஷேப்பினும் சைமன் ஷாஃபரும் 1985இல் எழுதிய 'லெவியதானும் காற்றுப் பம்பும்' இந்தச் சண்டையைத்தான் பிரித்துப் பார்க்கிறது. எது உண்மை என்பதோடு, யார் சாட்சி, யாருடைய சொல் செல்லும் என்பதும் அந்தப் பம்பைச் சுற்றியே தீர்மானமாயிற்று என்கிறார்கள் அவர்கள்.

அந்தப் பம்பைக் கட்டியதில் முக்கியமான கை ராபர்ட் ஹூக்குடையது. அவருக்காவது பிறகு பெயர் கிடைத்தது. பம்பின் கைப்பிடியைச் சுற்றியவர்கள், பிசின் பூசி அடைத்தவர்கள், கண்ணாடி ஊதியவர்கள் யாருக்கும் பெயர் இல்லை. ஷேப்பின் பின்னால் எழுதிய ஒரு கட்டுரையில் சொல்வதை என் வார்த்தையில் சொல்கிறேன்: பாயிலின் எழுத்தில் உதவியாளர்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை, ஏதாவது உடைந்தாலோ கெட்டுப்போனாலோதான் திடீரென்று தலைகாட்டுகிறார்கள். வெற்றி எஜமானுக்கு, கசிவு வேலைக்காரனுக்கு. இதைப் படித்தபோது எனக்கு ஆக்ஸ்ஃபோர்டு ஞாபகம் வரவில்லை. நான் வேலை பார்த்த ஷெட்தான் வந்தது. அதற்கு முன், வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன்.

4

முதலில் பொருள். துருப்பிடிக்காத எஃகு, ஆக்சிஜன் இல்லாத தாமிரம், அலுமினாப் பீங்கான். பித்தளை ஆகாது. சூட்டில் அதிலுள்ள துத்தநாகம் ஆவியாகும். கேட்மியம் பூசிய திருகும் ஆகாது. எஃகிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. உருக்கும்போதே அதற்குள் ஹைட்ரஜன் கரைந்து தங்கிவிடும், வருஷக்கணக்காக மெதுவாக வெளியே வந்துகொண்டிருக்கும். அதனால் பாகங்களை வெற்றிட உலையில் 950 டிகிரி வரைக்கும் காய்ச்சி எடுப்பது உண்டு.

அடுத்தது கழுவுதல். டிடர்ஜென்ட் கரைசலில் அல்ட்ராசானிக் தொட்டி, கனிமம் நீக்கிய தண்ணீர், அசிட்டோன், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், கடைசியில் உலர்ந்த நைட்ரஜன் ஊதிக் காயவைப்பது. அதன் பிறகு வெறுங்கை படக்கூடாது. ஒரு கைரேகையில் இருக்கும் எண்ணெய், உயர் வெற்றிடத்தில் நாள்கணக்கில் ஆவியாகிக்கொண்டிருக்கும். தூள் இல்லாத கையுறை, முகமூடி, தலைக்குத் தொப்பி. பூட்டுகிற நேரம் வரை பாகம் சுத்தமான அலுமினியத் தாளுக்குள் இருக்க வேண்டும்.

பிறகு பூட்டுவது. பிளேஞ்ச் இரண்டிலும் கத்திமுனைபோல ஒரு விளிம்பு வட்டமாக ஓடும். நடுவில் தாமிர வளையம். போல்ட்டை இறுக்க இறுக்கக் கத்திமுனை தாமிரத்துக்குள் இறங்கி அடைக்கும். எதிரெதிர் போல்ட்டாக, கொஞ்சம் கொஞ்சமாக, பல சுற்று இறுக்க வேண்டும். ஒரே பக்கம் இறுக்கினால் வாய் கோணும். அந்த வளையம் ஒரு தடவைக்குத்தான். கழற்றினால் புதுசு. கத்திமுனையில் நகத்துக்குத் தட்டுகிற கீறல் இருந்தால் பிளேஞ்சே வீண். ரப்பர் வளையம் போட்டால் வேலை சுளுவாக முடியும், ஆனால் ரப்பர் வழியாகக் காற்று ஊடுருவும், சூடும் தாங்காது.

பிறகு பம்பு. எண்ணெய் இல்லாத முதல்நிலைப் பம்பு காற்றின் பெரும்பகுதியை எடுக்கும். அதற்குமேல் டர்போ பம்பு, நிமிஷத்துக்குப் பல பத்தாயிரம் சுற்று சுழலும் இறக்கைகள். கடைசியில் அசையும் பாகம் எதுவுமில்லாத அயனிப் பம்பு, அது வாயுவை டைட்டானியத்தில் புதைத்துவிடும். இதற்கிடையில் கசிவுச் சோதனை. உள்ளே ஹீலியத்தை மட்டும் அடையாளம் காணும் கருவி; வெளியே இணைப்பு இணைப்பாக ஹீலியம் தெளிப்போம். ஹீலியம் மேலே போகும் என்பதால் உச்சியிலிருந்து தொடங்கிக் கீழே வர வேண்டும். அந்தக் கருவி சாதாரணமாகப் பார்த்துவிடுகிற கசிவு எவ்வளவு சிறியது என்றால், அதன் வழியாக ஒரு கன சென்டிமீட்டர் வாயு நுழைய 300 வருஷத்துக்கு மேல் ஆகும்.

அடுத்து வேகவைத்தல். சுவரில் ஒட்டியிருக்கும் தண்ணீர் தானாகப் போகாது. முழு அமைப்பையும் ஹீட்டர் பட்டை சுற்றி, அலுமினியத் தாள் போர்த்தி, 150லிருந்து 250 டிகிரி வரை ஏற்றி இரண்டு நாள், மூன்று நாள் வைக்க வேண்டும். பீங்கான் இருக்கிற இடத்தில் அவசரப்பட்டால் விரிசல். ராத்திரி ஷிப்டில் ஒரு மணிநேரத்துக்கு ஒரு தடவை வெப்பமும் அழுத்தமும் எழுதி வைப்போம். அழுத்தம் முதலில் ஏறும், அப்புறம் இறங்கும். கேதோடை முதல்முறை சூடாக்குவதும் இப்படித்தான். அழுத்தம் தாண்டினால் நிறுத்து, இறங்கினால் ஏற்று. கடைசியில் உயர் மின்னழுத்தப் பழக்கம். கொஞ்சம் கொஞ்சமாக வோல்ட்டை ஏற்ற, உள்ளே சின்னச் சின்னப் பொறிகள் அடித்து, பரப்பிலிருக்கும் கூர்முனைகள் எரிந்து அடங்கும். மாட்டை வண்டிக்குப் பழக்குவது மாதிரிதான்.

இவ்வளவும் முடிந்து 10⁻⁹ மில்லிபார் வந்துவிட்டால் ஒருவருக்கொருவர் டீ வாங்கிக் கொடுப்போம். ஆனால் அப்போதும் ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் சுமார் இரண்டரைக் கோடி மூலக்கூறுகள் இருக்கும். ஒரு மூலக்கூறு இன்னொன்றில் மோத வேண்டுமானால் சராசரியாக 60 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும், சுரண்டையிலிருந்து திருநெல்வேலி தாண்டியும் போய்விடலாம். ஆனால் குழாயின் விட்டமோ ஒரு சாண்தான். ஆகவே மூலக்கூறுகள் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை, சுவரைத்தான் சந்திக்கின்றன. உள்ளே இருப்பதில் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்தது இல்லை, சுவரிலிருந்து வந்தது. முழு வெறுமை எங்கும் கிடையாது. அம்மாவுக்குச் சொன்ன பதில் தப்பு. 'ஒண்ணும் வைக்க மாட்டோம்' இல்லை. எது மிஞ்சலாம், எவ்வளவு மிஞ்சலாம் என்று பார்த்து வைப்போம்.

5

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு துப்பாக்கி. கேதோடு ஏற்றுவதற்கு முந்தைய சோதனை நிலை. கழுவி, பூட்டி, வேகவைத்தாயிற்று. வர வேண்டிய அழுத்தத்துக்குப் பத்து மடங்கு மேலே நின்றுகொண்டு இறங்க மறுத்தது. ஹீலியம் எல்லா இணைப்பிலும் தெளித்தோம், ஒன்றுமில்லை. மறுநாளும் அதே. மூன்றாம் நாள் மேலதிகாரி வந்தார். பட்டியலில் யார் பூட்டியது என்று பார்த்தார். என் பெயர் இருந்தது.

"கிளவுஸ் போட்டியா?"

"போட்டேன் சார்."

"இவங்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும் கை சுத்தம் வராது" என்று பக்கத்தில் இருந்தவரிடம் இங்கிலீஷில் சொன்னார். எனக்குப் புரியாது என்று நினைத்திருக்கலாம். புரிந்தாலென்ன என்றும் நினைத்திருக்கலாம்.

'இவங்க' என்பதில் யார் யார் அடக்கம்? ஐ.டி.ஐ.க்காரர்களா, தெற்கத்திக்காரர்களா, வேறு ஏதாவதா? அவர் விளக்கவில்லை. விளக்காமலே எனக்குப் போய்ச் சேர்ந்தது. எங்கள் பக்கத்தில் டீக்கடைகளில் தனி கிளாஸ் என்றால் என்னவென்று யாரும் விளக்கியதில்லை, விளக்கத் தேவையும் இருந்ததில்லை. 'தொடாதே' என்ற சொல்லை ஊரில் ஒரு அர்த்தத்தில் கேட்டு வளர்ந்தவன், ஆய்வுக்கூடத்தில் வேறு அர்த்தத்தில் கேட்டபோது ஆசுவாசப்பட்டிருந்தேன். இங்கே யார் கை என்று கேட்பதில்லை, டைரக்டருக்கும் கையுறைதான். அந்த ஆசுவாசம் அன்று போயிற்று.

என்னோடு வேலை பார்த்த மூத்த டெக்னீஷியன் ஒரு மலையாளி அண்ணன். அவர் ஒன்றும் பேசாமல் எச்சவாயுப் பகுப்பானை ஓடவிட்டார். மிஞ்சியிருக்கும் வாயுவை எடை வாரியாகப் பிரித்துக் காட்டும் கருவி அது. கையெண்ணெய் என்றால் 41, 43, 55, 57 என்று ஹைட்ரோகார்பன் முள்கள் வரிசையாக எழ வேண்டும். எழவில்லை. 28இல் பெரிய முள், 14இல் ஒன்று, 32இல் ஒன்று. நைட்ரஜன், ஆக்சிஜன். அதாவது காற்று. கை சுத்தம்தான், ஆனால் காற்று வருகிறது. வெளியிலிருந்து வரவில்லை என்று ஹீலியம் சொல்கிறது. அப்படியானால் எங்கிருந்து?

அண்ணன் சொன்னார்: "ஆர்கான் நிறைச்சு ரெண்டு நாள் வெச்சிட்டு திருப்பி எடுக்கலாம்." எடுத்தோம். இந்தத் தடவை 28இல் முள் சிறுத்து, 40இல் புதுசாக ஒன்று நின்றது. ஆர்கான். வெளியிலிருந்து கசிந்தால் மறுபடியும் நைட்ரஜன்தான் முன்னால் வர வேண்டும். நாங்கள் நிரப்பியதே திரும்பி வருகிறது என்றால், உள்ளுக்குள்ளேயே ஏதோ ஒரு மூலை அதைப் பிடித்துவைத்துக்கொண்டு துளித்துளியாக விடுகிறது. இதற்குப் போலிக் கசிவு என்று பெயர்.

பிரித்துப் பார்த்தோம். ஆனோடைத் தாங்கும் வளையத்தில் ஆறு திருகுகள். ஆறும் மறுபக்கம் திறக்காத குருட்டுத் துளையில் இறங்கியவை. திருகின் நுனிக்கும் துளையின் அடிக்கும் இடையே ஒரு மிளகு அளவு இடம். அந்த மிளகுக்குள் வளிமண்டலக் காற்று. அதில் மூலக்கூறுகள் பத்தாயிரம் கோடி கோடிக்கும் மேல். வெளியேற ஒரே வழி மரையின் இடுக்கு. அது நாள்கணக்கில் ஒழுகிக்கொண்டிருந்தது. இதைத் தவிர்க்கத் திருகின் நடுவே ஒரு மெல்லிய துளை போட வேண்டும் என்பது வெற்றிட வேலையின் அரிச்சுவடி. வரைபடத்தில் அந்தத் துளை இல்லை. பிட்டர் வரைபடத்தில் இல்லாததைச் செய்ய அனுமதி இல்லை.

6

மேரி டக்ளஸ் 1966இல் எழுதிய 'தூய்மையும் ஆபத்தும்' நூலில், அழுக்கு என்பது பொருளின் குணமில்லை, ஒரு ஒழுங்கில் இடம்மாறிக் கிடப்பதே அழுக்கு என்று வாதிட்டார். தீட்டு என்ற நம் சொல்லாடலைப் புரிந்துகொள்ள அது உதவுகிறது. ஆனால் வெற்றிடம் இதில் இன்னொன்றைச் சேர்க்கிறது. இங்கே அழுக்குக்கு அளவு உண்டு. எவ்வளவு ஆவியாகிறது, என்ன எடை, எந்த வெப்பத்தில் போகும் என்று கேட்டுப் பதில் வாங்கலாம். தீட்டுக்கு அப்படி ஒரு கருவி கிடையாது, அதை நிரூபிக்கவும் முடியாது, பொய்ப்பிக்கவும் முடியாது. அதனால்தான் அது நிலைத்திருக்கிறது. அந்த அதிகாரி சொன்ன 'கை சுத்தம்' எங்கள் தொழிலின் வார்த்தை மாதிரித் தோன்றினாலும் ஊரின் வார்த்தை. கருவியைப் பார்க்கும் முன்பே அவரிடம் முடிவு இருந்தது.

இன்னொன்று. புனிதம் பேசுகிற எல்லா அமைப்பும் அழுக்கு வெளியிலிருந்து வருகிறது என்றே நம்புகிறது. வாசலை அடை, கோட்டைத் தாண்டவிடாதே. நல்ல வெற்றிடத்தில் வேலை பார்த்தவனுக்கு இது சிரிப்பாக இருக்கும். வாசலை 300 வருஷத்துக்கு அடைத்தாயிற்று, அப்புறமும் வாயு வந்துகொண்டிருக்கிறது. சுவரே விடுகிறது, சுவர் செய்யப்பட்டபோதே உள்ளே போன ஹைட்ரஜன் விடுகிறது, உள்கட்டமைப்பில் யாரோ வரைந்த குருட்டு மூலை விடுகிறது. பாவம், ஹாப்ஸ் பம்பு வெளியே ஒழுகுவதை மட்டும்தான் பார்த்தார்.

இதை உருவகமாக மட்டும் எடுத்துக்கொண்டுவிடக் கூடாது என்றும் நினைக்கிறேன். சமூகம் குழாய் இல்லை. ஆர்கான் நிரப்பிப் பார்க்க முடியாது. என்னால் சொல்ல முடிவது ஒன்றுதான்: அன்று என்னைக் காப்பாற்றியது அதிகாரியின் மனமாற்றம் இல்லை, ஒரு முள் 43இல் எழாமல் 40இல் எழுந்ததும், அதை எங்கே தேட வேண்டும் என்று தெரிந்த ஒரு அண்ணனும். அந்தக் கருவி இல்லாத இடங்களில், ஓட்டலில், வயலில், ஆபீசில், அப்படிப் பழி சுமந்தவர்கள் அதை இறக்கிவைக்க என்ன வழி?

வரைபடம் திருத்தப்பட்டது. 'திருத்தம் 1: ஆறு திருகுகளிலும் 1 மி.மீ. காற்றுத் துளை' என்று ஒரு வரி. கீழே மூன்று கட்டங்கள்: வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர். மூன்றிலும் கையெழுத்து இருந்தது. கண்டுபிடித்தவருக்கு அந்த அட்டவணையில் கட்டம் கிடையாது. அண்ணனிடம் காட்டினேன். அவர் ஆறு திருகையும் லேத்தில் மாட்டித் துளை போட்டுக்கொண்டிருந்தார். "அது அங்க வரில்லா, நீ அந்த அசிட்டோன் எடு" என்றார்.